முட்டை ஒரு செல் என்றால் மஞ்சள் கருதான் உட்கருவா?

முட்டைக்காரன் | ஞாயிறு இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நாமக்கல் பக்கம் முட்டை வியாபாரம் செய்கிறேன். நான் படித்தது பத்தாவது வரைதான், அதனால் கேள்வி சின்னதாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் ஆறாவது படிக்கிறாள். செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறிக்கச் சொல்லித் தேர்வில் வந்திருக்கிறது. புத்தகத்தில் நெருப்புக்கோழி முட்டைதான் மிகப் பெரிய செல் என்று இருப்பதால், அப்பா தொழிலாயிற்றே என்று இவள் ஒரு கோழி முட்டையை வரைந்திருக்கிறாள். ஓடு செல் சுவர், வெள்ளைக் கரு சைட்டோபிளாசம், மஞ்சள் கரு உட்கரு. மொத்தத்தையும் சிவப்பு மையால் அடித்து முட்டை மதிப்பெண்தான் போட்டிருக்கிறார்கள். ஏன் தவறு என்று ஒரு வரி கூட எழுதவில்லை.

இதில் என் குற்றமும் உண்டு. முந்தின நாள் இரவு அப்படித்தான் இருக்கும் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தான். இப்போது என்னிடம் பேசுவதில்லை. சரியான விடை என்ன?

கடைசிபெஞ்ச் | ஞாயிறு இரவு 9.52

முட்டை வரைந்த பிள்ளைக்கு முட்டை போட்ட ஆசிரியரின் நகைச்சுவை உணர்வை மெச்சுகிறேன். ஆனால் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. நடுவில் உருண்டையாக இருந்தால் உட்கரு என்றுதான் நானும் தேர்ச்சி பெற்றேன்.

ஓய்வு_விலங்கியல் | ஞாயிறு இரவு 10.25

தம்பி, மகளிடம் முதலில் ஒன்றைச் சொல்லுங்கள். விடை தவறு, ஆனால் யோசித்த விதம் சரி. 31 வருடம் விலங்கியல் நடத்தியிருக்கிறேன். புத்தகப் படத்தைக் கையில் இருக்கும் பொருளோடு ஒட்டிப் பார்த்த மாணவர்கள் மிகக் குறைவு.

இப்போது முட்டைக்கு வருவோம். பண்ணை முட்டையில் செல் என்பது மஞ்சள் கரு முழுவதும். சூலகத்தில் இருக்கும்போதே அது ஒரே செல்தான். கடைசி ஒரு வாரம் பத்து நாளில் தீனிச் சத்தை உறிஞ்சி மூன்று சென்டிமீட்டர் அகலத்துக்கு ஊதிவிடுகிறது. உள்ளே நிறைந்திருப்பது குஞ்சுக்கான கட்டுச்சோறு: கொழுப்பும் புரதமும். அதைச் சுற்றி ஒரு மெல்லிய சவ்வு. உடைக்காமல் தட்டில் ஊற்றினால் உருண்டையாக நிற்கிறதே, அது அந்தச் சவ்வின் தயவு.

வெள்ளைக் கரு செல்லின் பகுதியே அல்ல. சூலகத்திலிருந்து விழுந்த மஞ்சள் கரு முட்டைக் குழாயில் இறங்கி வரும்போது வழியில் பூசப்படுவது அது. ஓடு அதற்கும் பிறகு. இருபது மணி நேரம் போல அதற்கு மட்டுமே ஆகும். குழாயின் மொத்தப் பயணம் ஒரு நாளும் கொஞ்சமும். ஆக ஓட்டைச் செல் சுவர் என்று குறித்தது பெரிய பிழை. விலங்கு செல்லுக்குச் சுவரே கிடையாது, சவ்வு மட்டும்தான். சுவர் தாவரத்துக்கு, பூஞ்சைக்கு, பாக்டீரியாவுக்கு.

உட்கரு எங்கே என்பீர்கள். மஞ்சள் கருவின் மேல் மங்கலான வெள்ளைப் புள்ளி ஒன்று இருக்கும், இரண்டு மூன்று மில்லிமீட்டர். தேட வேண்டிய இடம் அதுதான்.

முட்டைக்காரன் | ஞாயிறு இரவு 10.41

ஐயா, இருபது வருடம் முட்டை விற்கிறேன், அந்தப் புள்ளியைப் பார்த்திருக்கிறேன்! முட்டை கெட்டுவிட்டது என்று சொல்லிச் சிலர் திருப்பிக்கூடக் கொடுப்பார்கள். இரண்டு பக்கமும் வெள்ளையாக முறுக்கின கயிறு மாதிரி ஒன்று வருமே, அதைச் சொல்கிறீர்களா?

ஓய்வு_விலங்கியல் | ஞாயிறு இரவு 10.50

இல்லை இல்லை. அந்தக் கயிறு வெள்ளைக் கருவைச் சேர்ந்தது. மஞ்சள் கருவை நடுவில் கட்டித் தொங்கவிடும் வேலைதான் அதற்கு. புள்ளி வேறு, மஞ்சள் கருவின் மேலேயே படிந்திருக்கும். முட்டையை எப்படிப் புரட்டினாலும் மஞ்சள் கரு உருண்டு அந்தப் புள்ளி மேல்பக்கம் வந்துவிடும். அடைகாக்கும் கோழியின் வயிறு மேலேதானே இருக்கிறது!

கள்ளிச்செடி | ஞாயிறு இரவு 11.30

ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம். நான் தாவரவியல் மாணவி, துறை மாறிப் பேசுகிறேன், மன்னிக்கவும். சூலகத்தை விட்டு வெளியேறும் நேரத்தில் அந்தச் செல் பாதிப் பிரிதலில் நின்றுகொண்டிருக்கும் என்று படித்திருக்கிறேன். அதாவது உட்கருவின் உறை கரைந்து, மரபுச் செய்தியைச் சுமக்கும் குரோமோசோம்கள் மட்டும் வரிசையாக நிற்கும் நிலை. விந்தணு வந்து சேர்ந்தால்தான் மீதிப் பிரிதல் நடக்கும். பண்ணைக் கூண்டில் சேவல் ஏது? அப்படியே நின்றுவிடும். அப்படியானால் உருண்டையான ஓர் உட்கருவை அந்தப் புள்ளியில் தேடினாலும் கிடைக்காது, இல்லையா?

ஓய்வு_விலங்கியல் | திங்கள் காலை 6.05

சரிதான் அம்மா. நான் ஆறாம் வகுப்புக்காக அங்கே நிறுத்திக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன்.

பனையடி | திங்கள் காலை 7.15

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இந்தக் குழப்பத்தில் பாதி விஞ்ஞானம், பாதி தமிழ்.

நாங்கள் பள்ளியில் செல் என்று படிக்கவில்லை, கலம் என்றுதான் படித்தோம். சைட்டோபிளாசம் எங்களுக்குக் குழியவுரு, செல்லுக்கு ஆற்றல் எடுத்துத் தரும் மைட்டோகாண்ட்ரியா இழைமணி. உங்கள் உட்கரு எங்களுக்கு வெறும் கரு. இப்போது யோசித்துப் பாருங்கள், மஞ்சட்கரு என்று வீட்டில் ஒரு சொல், கரு என்று புத்தகத்தில் ஒரு சொல். எங்கள் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் இதே பிழையை விட்டவர்கள்தான். உங்களிடம் 'உட்' என்ற இரண்டெழுத்துக் காப்பாவது இருக்கிறது.

கரு என்றால் வயிற்றுப் பிள்ளையும் கருதான். அந்தக் குழப்பம் வராமல் இருக்க எங்கள் புத்தகங்களில் அதற்கு முளையம் என்று தனிச் சொல். மஞ்சட்கரு இந்த இரண்டும் அல்ல. பேர் வைத்தவர் சமையலறையிலிருந்து வைத்தார், அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசிபெஞ்ச் | திங்கள் காலை 8.20

அப்படியானால் நாட்டுக்கோழி முட்டை? ஊரில் சேவலும் சேர்ந்துதானே திரிகிறது. அதுவும் ஒரே செல்லா?

ஓய்வு_விலங்கியல் | திங்கள் காலை 8.45

நல்ல கேள்வி கேட்டீர்கள், பின்பெஞ்சு என்றாலும். சேவல் சேர்ந்திருந்தால் கருவுறுதல் வெள்ளைக் கரு பூசப்படுவதற்கு முன்பே முடிந்துவிடும். பிறகு அந்த ஒரு நாள் பயணத்திலேயே செல் பிரியத் தொடங்கிவிடும். கோழி முட்டையிட்டு எழுந்து கொக்கரிக்கும்போது அந்தப் புள்ளியில் பல ஆயிரம் செல்கள் இருக்கும். ஆகவே சேவலோடு திரிந்த கோழியின் முட்டை ஒரு செல் அல்ல.

கண்ணாலேயே பார்க்கலாம். பண்ணை முட்டையில் புள்ளி சின்னதாக, ஓரம் ஒழுங்கில்லாமல், திட்டாக இருக்கும். கருவுற்ற முட்டையில் கொஞ்சம் பெரிதாக, வளையம் வளையமாக, அம்பு எய்யும் இலக்குப் பலகை மாதிரி தெரியும். முட்டைக்காரத் தம்பி, உங்களிடம் இரண்டும் கிடைக்கும். மகளை உட்காரவைத்து உடைத்துக் காட்டுங்கள்.

ஸ்லைடு_அக்கா | திங்கள் மதியம் 1.30

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன்.

நடுவில் உட்கரு இருந்தால்தான் செல் என்று எல்லோர் தலையிலும் ஏறியிருக்கிறது. நான் தினமும் பார்ப்பது அதற்கு நேர்மாறு. இரத்தத்தை ஸ்லைடில் இழுத்து லீஷ்மன் சாயம் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை சிவப்பணுக்கள், நடுவில் வெளிறிப்போன வட்டம். அந்த வெளிறல் உட்கரு அல்ல, அங்கே ஒன்றும் இல்லாததால்தான் வெளிறல். எலும்பு மஜ்ஜையில் பிறக்கும்போது உட்கரு இருக்கும். வெளியே வருவதற்கு முன்பு அதைத் துப்பிவிடும். மைட்டோகாண்ட்ரியாவும் போய்விடும். ஹீமோகுளோபின் மூட்டை ஒன்று மிஞ்சும், குழிந்த தட்டு மாதிரி, ஏழெட்டு மைக்ரோமீட்டர் அகலம். 120 நாள் போல ஓடி ஓய்ந்துவிடும்.

நம் உடம்பில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள் இருப்பதாக 2016-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். அதில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் சிவப்பணுதான். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் மனித உடம்பில் உட்கரு இல்லாத செல்தான் பெரும்பான்மை! படத்தில் வரைவது சிறுபான்மையை.

பெரியவர்கள் இரத்தத்தில் சிவப்பணுவுக்குள் புள்ளி ஒன்று தெரிந்தால் நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். மெல்லிய நீல மோதிரம், அதில் ஒரு சிவப்புக் கல் பதித்தது போல இருந்தால் அது மலேரியாக் கிருமி. அந்தச் சிவப்புக் கல் கிருமியின் உட்கரு. நம் செல் தன் உட்கருவை எறிந்துவிட்ட வீட்டில் அது குடிவந்திருக்கிறது.

கோழிக்கு அப்படி இல்லை. கோழி இரத்தத்தில் சிவப்பணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். படித்த காலத்தில் முதல்முறை பார்த்துவிட்டு ஸ்லைடு மாறிவிட்டது என்று சண்டை போட்டேன்.

கடைசிபெஞ்ச் | திங்கள் மதியம் 1.48

அக்கா, டெங்கு வந்தால் எண்ணுகிறோமே, பிளேட்லெட். அதற்கு?

ஸ்லைடு_அக்கா | திங்கள் மதியம் 1.55

அது செல்லே கிடையாது. மஜ்ஜையில் இருக்கும் ஒரு பெரிய செல்லிலிருந்து பிய்ந்து விழும் துண்டு. அணு என்று தமிழில் பேர் மட்டும் கிடைத்துவிட்டது. மணி அடித்துவிட்டது, வருகிறேன்.

தர்க்கசாமி | திங்கள் மாலை 6.10

எனக்கு இது ஒப்பவில்லை. உட்கரு இல்லை, புரதம் செய்யும் ரைபோசோம் இல்லை, பிரியாது, புதுப் புரதம் செய்யாது. அதைச் செல் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? பிளேட்லெட் துண்டு என்றால் சிவப்பணுவும் ஒரு பைதானே? மரியாதை ஒருவருக்கு மட்டும் ஏன்?

ஓய்வு_விலங்கியல் | திங்கள் மாலை 7.00

தர்க்கசாமி, பிறப்பைப் பார்க்கிறோம். சிவப்பணு ஒரு முழு செல்லாகப் பிறந்து, பொருள்களைக் களைந்து, சந்நியாசியாகிறது. சவ்வு அதேதான், சர்க்கரையை உடைத்து ஆற்றல் எடுப்பதும் நடக்கிறது. பிளேட்லெட் பிறக்கும்போதே துண்டு. ஆனால் எல்லைக்கோடு நீங்கள் நினைப்பதுபோல மங்கல்தான், மறுக்கவில்லை.

உட்கரு இல்லாதது என்றதும் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. சிவப்பணு உட்கருவை இழந்த செல். பாக்டீரியா உட்கரு எப்போதுமே அமையாத செல். செல் வகை என்றால் முதல் பெரும் பிரிவு அங்கேதான். தயிரில் இருக்கும் லாக்டோபேசில்லஸை எடுங்கள். சவ்வு உண்டு, சுவர் உண்டு, ரைபோசோம் உண்டு, டி.என்.ஏவும் உண்டு, ஆனால் அது உறைக்குள் பூட்டப்படாமல் செல்லுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். மைட்டோகாண்ட்ரியா கிடையாது. இதைப் புரோகேரியாட்டிக் என்கிறோம். உறை போட்ட உட்கரு இருந்தால் யூகேரியாட்டிக்: நாம், கோழி, வாழை, காளான், ஈஸ்ட்.

உங்கள் வீட்டு இட்லி மாவில் இரண்டு வகையும் ஒரே பாத்திரத்தில் இருக்கின்றன. மாவைப் பொங்கவைத்துப் புளிக்கவைப்பதில் பெரும்பங்கு லியூக்கோனோஸ்டாக் போன்ற பாக்டீரியாக்களுக்கு. கூடவே ஈஸ்ட் இருக்கும். இரண்டுக்கும் ஒரு செல்தான் உடம்பு, ஆனால் உறவுமுறை பார்த்தால் ஈஸ்ட் பாக்டீரியாவைவிட நமக்குத்தான் நெருங்கின சொந்தம்.

நெல் வயலில் அசோலா என்ற நீர்ப்பெரணியோடு வாழும் நீலப்பச்சைப் பாசியையும் சொல்ல வேண்டும். பாசி என்று பேர், ஆனால் பாக்டீரியா இனம்.

ஸ்லைடு_அக்கா | திங்கள் இரவு 9.15

ஐயா சொன்ன அந்தப் பிரிவு ஏதோ தேர்வுக்கு எழுதும் அட்டவணை என்று நினைக்காதீர்கள், மருந்துக்கடை அதன் மேல்தான் நிற்கிறது. பெனிசிலின் பாக்டீரியாவின் சுவரைக் கட்டவிடாமல் தடுக்கும். நமக்குச் சுவரே இல்லை, அதனால் நம் செல்லுக்கு அடி விழாது. டெட்ராசைக்ளின், எரித்ரோமைசின் எல்லாம் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பிடிக்கும்; நம்முடையது அளவிலும் அமைப்பிலும் வேறு. மைக்கோபிளாஸ்மா என்று ஒரு பாக்டீரியா இருக்கிறது, அதற்குச் சுவர் கிடையாது, அதனால் பெனிசிலின் அதனிடம் பலிக்காது. வைரஸ் செல்லே இல்லை. சளிக் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் கேட்டு அடம்பிடிப்பவர்களிடம் இதைத்தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன்.

1884-இல் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் வெளியிட்ட சாயமுறையைச் சிறு மாற்றங்களோடு இன்றும் செய்கிறோம். தடித்த சுவர் இருந்தால் ஊதா நிற்கும், மெல்லிய சுவர் என்றால் ஊதா கழுவிப்போய்ப் பிறகு போடும் இளஞ்சிவப்பு ஏறும்.

கள்ளிச்செடி | திங்கள் இரவு 10.20

எல்லோரும் கோழியும் இரத்தமுமாகவே பேசுகிறீர்கள். தாவரத்துக்கு ஆள் இல்லையா?

இளநீரை எடுத்துக்கொள்ளுங்கள். இளங்காயில் அது வெறும் தண்ணீர் அல்ல, திரவமான சூழ்தசை, அதாவது விதைக்குள் முளைக்கான உணவு. உட்கருக்கள் மட்டும் பிரிந்து பிரிந்து பெருகும், நடுவில் சுவர் எழும்பாது. ஆயிரக்கணக்கான உட்கரு, ஒரே பொது நீர். அப்புறம் ஓரத்திலிருந்து சுவர்கள் எழும்பித் தனித்தனிச் செல்லாகும். அதுதான் நீங்கள் கரண்டி போட்டு வழிக்கும் வழுக்கை. முற்றினால் தேங்காய். மகளுக்குப் பிடித்த மாதிரி சொல்வதென்றால், முதலில் ஊர் முழுக்கத் திறந்தவெளி, பிறகு வீட்டுக்கு வீடு மதில்.

மண்டபம் பக்கம் கடலில் காலெர்பா என்று ஒரு பச்சைப் பாசி வளர்கிறது. தண்டு, இலை, வேர் மாதிரியெல்லாம் இருக்கும், கையில் பிடித்துத் தூக்கலாம். உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. முழுப் பாசியும் ஒரே செல், உட்கருக்கள் ஏராளம். நெருப்புக்கோழி முட்டைதான் பெரிய செல் என்பதை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதோடு, முட்டையின் நீளத்தைச் சொல்லும்போது ஓட்டையும் சேர்த்து அளந்துதான் சொல்கிறார்கள். ஐயா சொன்னபடி ஓடு செல்லில் சேராதே?

ஓய்வு_விலங்கியல் | செவ்வாய் காலை 6.10

அதை 31 வருடமாக நானும் அப்படியேதான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது சொல்லி என்ன செய்ய.

பம்ப்ளிமாஸ் | செவ்வாய் காலை 9.00

கண்ணால் பார்க்கக்கூடிய செல் வேண்டுமென்றால் சாத்துக்குடிச் சுளையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே முத்து முத்தாக இருக்கிறதே, ஒவ்வொன்றும் ஒரு செல். டியூஷனில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கள்ளிச்செடி | செவ்வாய் காலை 9.40

இல்லைங்க, அது பலரும் நம்பும் தவறு. ஒவ்வொரு முத்தும் பல செல்கள் சேர்ந்த பை. செல்லுக்குள் இருக்கும் நுண்குமிழ்களில்தான் சாறு நிறைந்திருக்கும். தாவர செல்லில் அந்தக் குமிழ்தான் பாதி வீட்டைப் பிடித்துக்கொள்ளும், உட்கருவையே ஓரத்துக்குத் தள்ளிவிடும். நடுவில் உட்கரு வரையும் பழக்கம் அங்கும் செல்லாது.

பஞ்சுக்கணக்கு | செவ்வாய் இரவு 8.30

கோவையில் நூற்பாலை ஒன்றில் பஞ்சின் தரம் பார்க்கும் வேலை. எப்போதும் படிப்பதோடு சரி, இன்று எழுதலாம் என்று தோன்றியது.

கண்ணால் பார்க்கும் ஒற்றை செல் உங்கள் சட்டையிலேயே இருக்கிறது. பருத்தி இழை ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். விதையின் மேல்தோலில் இருக்கும் ஒரு செல் பூ மலரும் சமயத்தில் வெளியே முளைத்து நீள ஆரம்பிக்கும். இரண்டு மூன்று வாரம் நீளம் மட்டும். அப்புறம் உள்பக்கமாகச் செல்லுலோஸை அடுக்கடுக்காகப் பூசிச் சுவரைத் தடிப்பாக்கும். காய் வெடிக்கும்போது உள்ளே உயிர் போய்க் காய்ந்து, குழாயாக இருந்தது நாடாவாகச் சப்பி, முறுக்கிக்கொள்ளும். அந்த முறுக்கு இருப்பதால்தான் இழைகள் ஒன்றை ஒன்று பிடித்து நூலாகின்றன. சாதாரணப் பஞ்சு மூன்று சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும். கோவையில் உருவாக்கி 1974-இல் வெளியிட்ட சுவின் ரகம் கிட்டத்தட்ட நான்கு. சுஜாதா, செயின்ட் வின்சென்ட் என்ற இரண்டு ரகங்களின் பெயரைச் சேர்த்து வைத்த பெயர் அது.

ஆலையில் நாங்கள் பார்ப்பது சுவர் எவ்வளவு முதிர்ந்திருக்கிறது என்று. முதிராத இழை சாயம் பிடிக்காது, துணியில் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். ஆக எங்கள் சம்பளமே செல் சுவரின் தடிப்பில்தான் ஓடுகிறது.

தர்க்கசாமி | செவ்வாய் இரவு 9.05

செத்த செல்லின் சுவரை உடுத்திக்கொண்டு, உட்கரு இல்லாத செல்லால் மூச்சுவிட்டுக்கொண்டு, செல் என்றால் என்ன என்று சண்டை போடுகிறேன். சரி, விட்டுவிடுகிறேன்.

ஓய்வு_விலங்கியல் | செவ்வாய் இரவு 9.30

செத்த செல்லைப் பார்த்துத்தான் பேரே வந்தது, சாமி. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கைச் சீவலில் கண்டது காலி அறைகளை. சுவர் மட்டும் மிஞ்சியிருந்தது. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பேர் வைத்தது 1831-இல். செல் என்ற சொல் உட்கருவைவிட 166 வருடம் மூத்தது.

முட்டைக்காரன் | அடுத்த ஞாயிறு காலை 11.20

எல்லோருக்கும் நன்றி. இன்று காலை சோதித்துப் பார்த்தோம். இரண்டு வெள்ளைத் தட்டு. ஒன்றில் பண்ணை முட்டை, ஒன்றில் பக்கத்து வீட்டு அம்மா சேவலோடு வளர்க்கும் நாட்டுக்கோழியின் முட்டை. ஐயா சொன்னது அச்சு அசல். பண்ணை முட்டையில் சுண்ணாம்பு ஒட்டினது போல ஒரு சின்னத் திட்டு. அந்தக் கோழி முட்டையில் வளையம், நடுவில் கொஞ்சம் தெளிவு. இருபது வருடத்தில் எத்தனை லட்சம் முட்டை கைமாறியிருக்கும், இதை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை.

மகள் புதுப் படம் வரைந்தாள். மஞ்சள் கருவைச் சுற்றிச் செல் சவ்வு என்று குறித்தாள், வெள்ளைக் கருவுக்கும் ஓட்டுக்கும் 'செல்லில் சேராது' என்று எழுதினாள். புள்ளிக்கு என்ன எழுதுவது என்று கேட்டாள். 'குரோமோசோம்கள் இங்கே, உறை இல்லை' என்று எழுதச் சொன்னேன். நாளை பள்ளிக்கு எடுத்துப்போகிறாளாம். என்ன நடக்கும் என்று தெரியாது.

என்னிடம் பேச ஆரம்பித்துவிட்டாள். முதல் கேள்வியே, "அப்பா, ஓர் அட்டைக்கு முப்பது முட்டை. பில்லில் முப்பது செல் என்று போடலாமா?"

கடைசிபெஞ்ச் | ஞாயிறு காலை 11.26

பண்ணை முட்டைக்குப் போடலாம். நாட்டுக்கோழிக்குப் பில் போட உட்கார்ந்தால் கடை சாத்தும் வரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.